கோஹியர்: ஒட்டுதலைச் சொல்லும் ஓர் ஆங்கில வினைச்சொல்

ஒட்டுதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களுள் 'ஸ்டிக்' அன்றாடப் பேச்சுக்கு உரியது. 'அட்ஹியர்', 'கோஹியர்' ஆகிய இரண்டும் பெரும்பாலும் எழுத்து நடையில் வருபவை. இவ்விரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகக் கையாளும் பழக்கம் பரவலாக இருப்பதால், 'கோஹியர்' என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஒட்டிக்கொள்ளுதலைக் குறிக்கும் 'ஹைரேரே' என்ற இலத்தீன் வினையே இரண்டுக்கும் மூலம். 'அட்' என்னும் முன்னொட்டு ஒன்றை நோக்கிச் செல்வதையும், 'கோ' என்பது ஒருசேர இருப்பதையும் உணர்த்தும். (தயங்குதலைக் குறிக்கும் 'ஹெஸிட்டேட்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான், பேச வாயெடுத்தவருக்குச் சொல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்வதை நினைத்தால் அந்த உறவு விளங்கும்.)

இயற்பியல் இந்த வேறுபாட்டைக் கண்முன் காட்டுகிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். பாதரசமோ ஓரங்களில் தாழ்ந்து நடுவில் புடைத்திருக்கும். நீர் மூலக்கூறுகளைக் கண்ணாடி ஈர்ப்பது வேற்றினக் கவர்ச்சி, அதாவது 'அட்ஹியர்'. பாதரச அணுக்கள் கண்ணாடியைப் பொருட்படுத்தாமல் தம்மையே பற்றிக்கொள்வது ஓரினக் கவர்ச்சி, அதாவது 'கோஹியர்'. வானொலியின் தொடக்க காலத்தில் இச்சொல் ஒரு கருவிக்கே பெயரானது. மின்காந்த அலை பட்டதும் குழாயிலுள்ள உலோகத் துகள்களின் மின்தடை வெகுவாகக் குறைவதை 1890இல் பிரான்சின் இயற்பியலாளர் எடுவார் பிரான்லி கண்டறிந்தார். துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதாகக் கருதிய ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் அக்குழாய்க்குக் 'கோஹியரர்' என்று பெயரிட்டார். பற்றிய துகள்கள் தாமாகப் பிரிவதில்லை என்பதால், ஒவ்வொரு சமிக்ஞைக்குப் பிறகும் சிறு சுத்தியலால் குழாயைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

இலக்கணத்தில் இது பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றிய வினையாகவே வருகிறது. ஒருவர் இன்னொன்றைக் 'கோஹியர்' செய்வதாக எழுதுவது மிக அரிது. பகுதிகள் தாமே ஒன்றுபட வேண்டும். ஆகவே எழுவாய் பல உறுப்புகளாகவோ, பல உறுப்புகள் கொண்ட முழுமையாகவோ இருக்க வேண்டும். சுவரொட்டி சுவரில் ஒட்டுவதற்கும், ஒருவர் விதிகளைக் கடைப்பிடிப்பதற்கும் 'அட்ஹியர் டு' தான் பொருந்தும். இரண்டாவது பொருளில் 'கோஹியர்' ஒருபோதும் வராது. ஒன்று மற்றொன்றோடு இசைந்திருப்பதைச் சொல்லும்போது 'கோஹியர் வித்' என்று எழுதலாம்.

வாதம், கதை, குழு ஆகியவற்றுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. எட்டரை மணிக்கு ரயில் நிலையத்தைவிட்டு வெளியேறியதாகச் சொன்ன சாட்சியே, ஒன்பது மணிக்கு அதே நிலையத்தில் வந்து நின்ற ரயிலிலிருந்து அப்போதுதான் தாம் இறங்கியதாகவும் சொன்னால், அந்த வாக்குமூலம் 'டஸ் நாட் கோஹியர்', அதாவது அதன் பகுதிகள் ஒன்றோடொன்று இசையவில்லை. ஆனால் முரணில்லாத வாக்குமூலம் உண்மையானது என்று இவ்வினை உறுதி கூறுவதில்லை. நன்கு புனைந்த பொய்யும் கோஹியர் ஆகும். இந்த வரம்பை மறந்து, பாராட்டுச் சொல்லாக மட்டும் இதைக் கையாள்வது எனக்கு ஏற்புடையதன்று.

இவ்வினையோடு உறவுடைய பெயர்ச்சொற்கள் இரண்டு: 'கோஹிஷன்', 'கோஹிரன்ஸ்'. பனுவல் ஆய்வில் மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976இல் வெளியிட்ட நூல் முதற்சொல்லை நிலைபெறச் செய்தது. வாக்கியங்களை இணைக்கும் சுட்டுகள், இணைப்புச் சொற்கள், சொல் மீட்சிகள் ஆகியவை 'கோஹிஷன்' என்பதில் அடங்கும். 'கோஹிரன்ஸ்' என்பது பொருளின் ஒருமை. "பூவில் வண்டு அமர்ந்தது. வண்டுக்கு ஆறு கால்கள் உண்டு. கால்களுக்குச் செருப்பு தேவை. செருப்பு தோலால் ஆனது." இங்கே ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் சொல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது, ஆகவே 'கோஹிஷன்' இருக்கிறது, 'கோஹிரன்ஸ்' இல்லை. காய்ச்சலில் பிதற்றுபவரை 'இன்கோஹிரன்ட்' என்று சொல்வதும் இதனால்தான்: அவருடைய சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கலாம், அவை சேர்ந்து ஒரு கருத்தாவதில்லை.