கடலோர வீட்டின் பழைய செலவு நோட்டு

கோடைக்கு மட்டும் வந்து தங்குவதற்காக ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன் கடலோரத்தில் கட்டிய வீடு. கட்டியபோது எழுதிய காகிதங்களும் பத்திரமாக இருக்கின்றன: வரைபடம், கடிதங்கள், அன்றாடச் செலவு நோட்டு. எல்லோரும் முதலில் வரைபடத்தைத்தான் விரிப்பார்கள். பழுது பார்க்கப் போகிறவர் செலவு நோட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். என்ன கட்ட நினைத்தார்கள் என்பது வரைபடத்தில் இருக்கும். சுவருக்குள் என்ன போனது என்பதை நோட்டுதான் சொல்லும்.

மணல் வரிகளில் தொடங்கலாம். மணலுக்கு எதிரே வண்டிக்கூலி எழுதியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த மணல். அள்ளிய ஆள்கூலி மட்டும் இருந்தால் பெரும்பாலும் வாசலுக்கு எதிரே கிடந்த கடற்கரை மணல்தான். அப்படியானால் நல்ல தண்ணீரில் அதைக் கழுவியதற்குக் கூலி எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சாந்தோடு உப்பும் சுவருக்குள் போய்விட்டது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும். காற்று உலர்ந்ததும் மறுபடி படிகமாகும். அந்தப் படிகம்தான் பூச்சை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. மழையே இல்லாத நாளில் சுவர் திட்டுத்திட்டாக நனைந்து தெரிவதும் இதனால்தான். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஓட்டைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரில் சில துளி சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெள்ளையாகத் திரிந்தால் உப்பு இருக்கிறது.

அடுத்தது சுண்ணாம்பு. 100 கன அடி செங்கல் கட்டுக்கு 25 முதல் 30 கன அடி சாந்து பிடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில் கலந்தால், சுண்ணாம்பு ஏறத்தாழ 8 முதல் 10 கன அடி. சுவர்களின் நீளம், உயரம், கனத்தைப் பெருக்கி நோட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிதான் தேறுகிறது என்றால் சாந்து மெலிந்தது. இணைப்புகளில் விரல் வைத்தாலே மணலாக உதிரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாங்கியது சுட்ட சுண்ணாம்பா, தண்ணீர் விட்டு நீர்த்ததா? சுட்டது நீர்த்தவுடன் கன அளவில் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். இதைப் பார்க்காமல் போட்ட கணக்கு தப்பாகத்தான் முடியும். கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று எழுதியிருந்தால் செங்கல் தூள் வாங்கிய வரியும் இருக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்மையானது, தூய்மையானது. ஆனால் தனியாக ஈரத்தில் இறுகாது. அஸ்திவாரத்தில் செங்கல் தூள் சேர்க்காமல் விட்டிருந்தால் உள்ளே சாந்து இன்னும் இளகியே இருக்கலாம்.

அளவைவிடத் தேதிகள் அதிகம் சொல்லும். கோடைவீட்டுக்கு ஒரு கெடு உண்டு: வெயில் தொடங்குமுன் குடிபோக வேண்டும். அதனால் பூச்சு வேலை கடைசி வாரங்களில் நெருக்கியடித்து நடந்திருக்கும். சுண்ணாம்பு வந்திறங்கிய தேதிக்கும் பூசிய தேதிக்கும் நடுவே சில நாள்தான் என்றால், நீராத கட்டிகள் பூச்சில் தங்கிப் பின்னால் ஈரம்பட்டு வெடித்திருக்கும். சுவரில் காசு அகலத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி: இதுதான் அடையாளம். சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்பது பொதுவான கணக்கு. அடிப்பூச்சு ஆறுவதற்குள் மேல்பூச்சைப் போட்ட சுவர் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். இந்தச் சுவர்கள்மேல் சிமென்ட் பூசவே கூடாது. உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்போடு சேர்ந்து மேலே ஏறும். போன வருடம் முழங்கால் அளவில் இருந்த கறை இடுப்புக்கு வந்துவிடும்.

இரும்புச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. துரு ஏறிய இரும்பு பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள மரத்தையும் கல்லையும் பிளக்கும். கீல், தாழ்ப்பாள் வாங்கிய வரி சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அவை இரும்பு. ஒரே முறை வந்தால் பித்தளையாக இருக்கலாம். கூரையில் போடும் நெளிதகட்டுக்குத் துரு ஏறாமலிருக்கத் துத்தநாகம் பூசுவார்கள். அதன் பிறகும் வெட்டிய ஓரத்திலும் ஆணித் துளையிலும் துரு முதலில் பிடிக்கும். ஆணி நெளிவின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் ஓடும் தண்ணீர் துளை வழியே இறங்கும். துத்தநாகத் தகட்டில் செம்பு ஆணி அடித்தால் ஆணி நிற்கும், தகடு அரித்துப் போகும்.

கிணற்று வரிகளை யாரும் கவனிப்பதில்லை. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துதான் நிற்கிறது: கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடி. மேலே ஒரு அடி குறைந்து அப்படியே நின்றால் நாளடைவில் உப்புநீர் அதே விகிதத்தில் ஏறும். வேலை நடுவில் இரண்டாவது கிணறோ, தண்ணீர் வண்டிக்கூலியோ தொடங்கினால் முதல் கிணறு உவர்த்துவிட்டது என்று பொருள். அதற்கு முந்தைய வாரங்களில் எந்தச் சுவர் எழுந்தது என்று கூலி வரிகளில் பாருங்கள். அதற்கு உவர்த்த நீரில்தான் சாந்து குழைத்திருப்பார்கள். உப்பு பூப்பது பெரும்பாலும் அந்தச் சுவரில்தான்.

காகிதங்களைக் கையாளுவதில் ஒரு எச்சரிக்கை. துருப்பிடித்த குண்டூசிகளை வலிந்து இழுக்காதீர்கள். நீலநிற வரைபடம் 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறையில் அச்சானது. வெளிச்சத்தில் வெளுக்கும், காரத்தன்மை உள்ள காகிதத்தோடு வைத்தாலும் வெளுக்கும். பழைய ஆவணங்களுக்கென்று விற்கும் உறைகளில் பல காரம் சேர்த்தவை. வரைபடத்துக்கு மட்டும் காரம் சேர்க்காத உறை வேண்டும். நோட்டைப் படம் எடுக்கும்போது கடைசிப் பக்கங்களையும் அட்டையின் உட்பக்கத்தையும் விடாதீர்கள். பென்சிலில் கிறுக்கிய அளவுகள் பலவும் அங்கேதான் இருக்கும்.