பூவுக்குப் போகாத டிசம்பர்

டிசம்பர் 13
பூச்சுமை கட்டும் என் கயிற்றைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவனுடையது பிசிறாகிவிட்டதாம். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். சரி, போகட்டும்.

டிசம்பர் 14
குழந்தை இயேசுவின் குடிலுக்குப் பூ கொண்டுவர மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மேளமும் நாணல் குழலும் தெருமுனை தாண்டும்வரை கேட்டது. ஜன்னலைத் திறக்கவில்லை.

டிசம்பர் 15
காலில் மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது. துடைப்பக்குச்சிதான் கதி.

டிசம்பர் 17
இந்நேரம் மலையூரான நவென்சௌக் பக்கம் ஏறியிருப்பார்கள். இங்கே மெக்சிகோவின் தெற்கே, எங்கள் சியாபா தே கோர்சோவில், கிரிகால்வா ஆற்றங்கரையில், டிசம்பரிலும் வியர்க்கிறது. அங்கே பைன், ஓக் காடு, ராத்திரி பல் கிட்டும். நிலுயாரிலோ என்ற அந்தப் பூச்செடி தரையில் முளைக்காது, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு நிற்கும், இலைகளின் இடுக்கில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும். பதினோரு வயதில் முதல் செடியைச் சாய்த்தபோது அத்தனை குளிர்ந்த நீரும் என் கழுத்துக்குள் இறங்கியது, கூடவே ஒரு குட்டித் தவளை. எல்லாரும் சிரித்தார்கள். இப்போது ஒரே கவலைதான். அந்தச் செடி ஒரு முறைதான் பூக்கும், பூத்தபின் பக்கக்கன்று விட்டுவிட்டுச் செத்துவிடும். கன்றைக் கிளையிலேயே விட்டுவிட்டுத்தான் அறுக்க வேண்டும். இதைத் தம்பியிடம் சொன்னேனா? கயிற்றுக்காகக் கோபித்துக்கொண்டதில் மறந்துவிட்டேன் போல.

டிசம்பர் 18
போன் போகவில்லை.

டிசம்பர் 19
அம்மா பொசோல், சோளமாவுப் பானம், கரைத்துக் கொடுத்தாள். "போகாட்டி நேர்த்திக்கடன் தீராதுடா, அடுத்த வருஷம் சேர்த்து நட" என்றாள். கால் என்ன வாடகைக் காலா?

டிசம்பர் 21
இன்று தோப்பாதா, பூவை எதிர்கொள்ளும் நாள். ஊரே திரண்டது, நானும் ஊன்றுகோலோடு போனேன். சுமைக்குப் பின்னால் தம்பியைக் காணவே முடியவில்லை, பாதி காய்ந்த மிளகாய் நிறத்தில் ஒரு குவியல் நடந்து வந்தது. தோளில் கயிறு அறுத்த இடத்தில் சதை தெரிந்தது. எனக்கு அதே இடத்தில் வலித்தது, உண்மையாகவே. "கன்றை விட்டுட்டுத்தானே அறுத்தே?" என்றேன். "தண்ணி இருக்காண்ணே?" என்றான்.

பூவைக் குவித்த இடத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தூரில் விரல் நீளக் கன்று. பைக்குள் போட்டுக்கொண்டேன். குழந்தை இயேசுவிடமிருந்து திருடிய கணக்கா இது?

டிசம்பர் 22
கொல்லை மாமரத்தில், பழந்துணியால் கட்டியாயிற்று. இந்த வெக்கைக்கு வருமா தெரியவில்லை. கயிறு திரும்பி வரவில்லை.

டிசம்பர் 24
குடிலெல்லாம் பூ. தொட்டிலில் குழந்தையை வைக்கப்போகிறார்கள், அம்மா மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறாள். கன்றின் நுனி பழுத்த மாதிரி இருக்கிறது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு