கரையில் விரிசல் இல்லை, ஆனாலும் ‘புவர்’: எங்கள் ஏரி அணை பரிசோதனை அனுபவம்

அமெரிக்காவில் வீட்டுமனைகளோடு ஒரு சிறிய ஏரியும் பொதுச்சொத்தாக வந்தால், அதன் அணைக்கும் நாம்தான் பொறுப்பு. படகு விடவும் மீன் பிடிக்கவும் மட்டுமே உள்ள ஏரி என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மண் அணை 26 அடி உயரம், கொள்ளளவு சுமார் 90 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி). இந்த முறை வந்த அறிக்கையில் இரண்டு சொற்கள் இருந்தன: ‘ஹை’, ‘புவர்’. கூட்டத்தில் பாதிப் பேர் அணை உடையப்போகிறது என்று பதறினார்கள், மீதிப் பேர் மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகம் வீணாக மிரட்டுகிறது என்றார்கள். இரண்டுமே தவறு.

‘ஹை’ என்பது அபாய வகுப்பு. அணை உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் நேர வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். அணை எவ்வளவு உறுதியானது என்று அது சொல்வதே இல்லை. நேற்றுக் கட்டிய அணையும் ‘ஹை’ ஆகலாம். எங்களுடையது கட்டிய காலத்தில் ‘லோ’. பிறகு ஓடைக்கரையில் வீடுகள் வந்தன, வகுப்பு ஏறிவிட்டது. நம் கரையில் ஒரு பிடி மண் கூட அசையவில்லை, ஆனால் கலிங்கு (மிகுநீர் வழிந்து வெளியேறும் வாய்) இனி இன்னும் பெரிய வெள்ளத்தைக் கடத்தியாக வேண்டும், அவசரகாலச் செயல்திட்டமும் வேண்டும். கீழே மனை பிரிக்கும் அறிவிப்பு வந்தால் அப்போதே ஊராட்சிக் கூட்டத்துக்குப் போய் அணை இருப்பதைப் பதிவு செய்யுங்கள். நாங்கள் போகவில்லை.

‘புவர்’தான் நிலை மதிப்பீடு. சாடிஸ்ஃபாக்டரி, ஃபேர், புவர், அன்சாடிஸ்ஃபாக்டரி என்று நான்கு படிகள். போதிய தகவல் இல்லாவிட்டால் ‘நாட் ரேட்டட்’. பலரும் கவனிக்காத ஒன்று: கண்ணால் பார்த்த குறை இருந்தால்தான் ‘புவர்’ என்றில்லை. குறை இருக்கலாம் என்று தோன்றி, அதைத் தீர்மானிக்க வேண்டிய கணக்கு கையில் இல்லாவிட்டாலும் ‘புவர்’ போடலாம். எங்களுக்கு விழுந்தது அப்படித்தான். கலிங்கின் கொள்ளளவுக் கணக்கும் இல்லை, கட்டுமான வரைபடமும் இல்லை.

வரைபடம் தேடி இரண்டு முறை அலுவலகம் போனது வீண். சங்கத்தின் பெயரில் கோப்பே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை தேசிய அணைப் பட்டியல் எண்ணைக் கொடுத்தோம் (மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம்). மனைகளை முதலில் விற்ற நிறுவனத்தின் பெயரில் கோப்பு அங்கேயே கிடந்தது. பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். உங்கள் அணை 1970களின் இறுதியிலேயே ‘ஹை’ வகுப்பில் இருந்திருந்தால், 1977இல் ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் இறந்த பிறகு நடந்த கூட்டரசு ஆய்வின் அறிக்கையையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பயணமும் வீணானது, அது பரிசோதகருடையது. கரையின் வெளிச்சரிவில் புல் இடுப்பளவு நின்றது. பார்க்க முடியாத சரிவுக்கு மதிப்பெண் போட மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். அவர் செய்தது சரி. கசிவும் விலங்குகள் தோண்டிய வளையும் சிறு மண்சரிவும் புல்லுக்கடியில்தான் ஒளிந்திருக்கும். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு புல்லை வெட்டுங்கள், கரையடியைத் தாண்டியும் வெட்டுங்கள். மரங்களை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். பெரிய அடிக்கட்டையைத் தோண்டினால் கரைக்குள் குழி விழும். நீர்மட்டத்தை இறக்கி, பொறியாளர் முன்னிலையில் குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்கி நிரப்ப வேண்டிய வேலை அது.

பரிசோதகர் கலிங்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, குறுக்கே கட்டியிருந்த மீன்வலை பற்றியது. மீன் வெளியேறாமலிருக்க யாரோ உறுப்பினர் கட்டியது. அன்றே அவிழ்க்கச் சொன்னார். 1889இல் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையும் ஒரு மீன்பிடிச் சங்கத்தின் பொழுதுபோக்கு ஏரிதான். கலிங்கில் மீன் தடுப்புக் கம்பிவலை இருந்தது, அதில் குப்பை அடைத்தது. அடிமதகுக் குழாய்களை முன்பே கழற்றி எடுத்திருந்ததால் நீரை இறக்கவும் வழியில்லை. அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வலை கட்ட யாருக்கும் மனம் வராது.

அடிமதகு வால்வைப் பல ஆண்டுகளாக யாரும் திருப்பவில்லை. திறந்தால் மூடாமல் போகலாம், அதனால் முக்குளிப்பவரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொட்டோம். ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் மட்டம் இறக்காதீர்கள். வேகமாக இறக்கினால் ஈரம் கோத்த உட்சரிவு வழுக்கி விழும். குழாய்க்குள் கேமரா விட்டதில் நெளிதகட்டுக் குழாயின் ஓர் இணைப்பு பிரிந்து மண் உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் அணையில் உண்மையான ஆபத்து இதுதான், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உள்ளே பிளாஸ்டிக் குழாய் செருகி, இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, வெளிமுனையைச் சுற்றி மணல் வடிகட்டி போட்டோம்.

கரையடிக் கசிவை அளக்க, 90 பாகையில் V வடிவ வெட்டுள்ள தகடு ஒன்றைக் கசிவுநீரின் குறுக்கே வைத்தோம். வெட்டின் முனைக்கு மேல் 2 அங்குலம் நீர் நின்றால் நிமிடத்துக்கு 13 கேலன், 3 அங்குலம் என்றால் 36 கேலன். அளவோடு அன்றைய ஏரி மட்டம், மழை, நீரின் நிறம் மூன்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. கசிவு கலங்கலாக வந்தால் அளந்துகொண்டு நிற்காமல் உடனே பொறியாளரை அழையுங்கள்.

கலிங்குக் கணக்கும் கேமரா அறிக்கையும் கொடுத்த பிறகு ‘ஃபேர்’ கிடைத்தது. மிகப் பெரிய வெள்ளத்தில் நீர் கரை மேல் வழியலாம் என்று கணக்கு காட்டுவதால், கலிங்கை அகலப்படுத்தும் வரை அதற்கு மேல் போகாது. அவசரத் திட்டத்தில் இருந்த தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தோம். கீழே இருக்கும் வீடுகளில் நான்கு எண்கள் வேலை செய்யவில்லை. அந்த நான்கு வீட்டுக்கும் நேரில் போய் வாங்கி வந்தோம்.