கை நனைக்கத் தெரிந்த பிள்ளைகள்

காரைக்குடிப் பிள்ளைகளை ஆங்கில மரபுத்தொடர்களை நெட்டுருப் போட வைப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. விசேஷ வீட்டில் ஆச்சி, "கை நனைத்துவிட்டுப் போ" என்றால் எந்தப் பிள்ளையும் குழாயைத் தேடுவதில்லை. நேரே பந்திக்குப் போகிறது. நேர்ப்பொருளைத் தாண்டும் அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள், ஆசிரியர்களே!

'டெட்லைன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அது உண்மையான எல்லைக்கோடு. மதிலுக்கு உட்புறம் தாழ்வான வேலியாக ஓடியது. தாண்டிய கைதியைக் காவலர்கள் சுட்டார்கள். பின்னாளில் பத்திரிகை அலுவலகங்களில் அதுவே வேலையை முடிக்க வேண்டிய நேரமானது. இதைக் கேட்ட பிள்ளை அந்தச் சொல்லை மறக்குமா?

'கோல்ட் ஃபீட்' (cold feet) என்றால் சொல்லுக்குச் சொல் 'குளிர்ந்த பாதங்கள்'; உண்மைப் பொருள் கடைசி நேரத்தில் வரும் தயக்கம். பாடத்தில் அது வந்தால் உடனே பொருள் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தில் பாதத்துக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று முதலில் பிள்ளையிடமே கேளுங்கள்.