விடியப்புற அளவு

குளத்து நீரை ஆராய்கிறேன் என்று சொன்னால் திருகோணமலையில் அடுத்த கேள்வி, "வாட்டர் போர்டிலயா வேலை?" அம்மா இன்றைக்கும், "மகள் கம்பஸில படிப்பிக்கிறா" என்றுதான் சொல்வார். பாதி உண்மைதான். ஒப்பந்த அடிப்படையில் செய்முறை வகுப்பு எடுத்தேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடிப்புக் கடிதம் வருமா என்று பார்த்தபடி.

உயர்தரத்தில் உயிரியல், மருத்துவத்துக்கு இசட் புள்ளி காணாது, பிறகு விலங்கியல் சிறப்புப் பட்டம். இதுவரை பலருடைய கதை. முதுதத்துவமாணி ஆய்வுக்குக் கந்தளாய்க் குளத்தை எடுத்த பிறகுதான் மாட்டிக்கொண்டேன்.

ஏரி, குளங்களை ஆராயும் இந்தத் துறையின் அடிப்படைகள் ஜெனிவா ஏரியில் சுவிஸ் விஞ்ஞானி ஃபோரெல் செய்த வேலையிலிருந்து வந்தவை. ஆழமான குளிர் ஏரி, பருவத்துக்குப் பருவம் மாறும் நீர் அடுக்குகள். நம்முடையவை நெல்லுக்காக மனிதர் கட்டிய, ஆழம் குறைந்த குளங்கள். இங்கே பகல் வெயிலில் அடுக்கு உண்டாகும், காற்று அடித்தால் கலைந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தும் பிழை விட்டேன்.

ஒரு வருடம் மாதம் தவறாமல் காலை பஸ் ஏறினேன். தோணி குளத்தின் நடுவுக்குப் போக பதினொரு மணியாகிவிடும். கரைந்த ஒட்சிசன் எப்போதும் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். 30 பாகை செல்சியஸ் நீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய நிறைவு அளவே ஏறத்தாழ 7.5தான். அல்கா, அதாவது நீர்ப்பாசி, வெயிலில் ஒட்சிசனை வெளிவிடுகிறது, குளம் நல்ல சுகம் என்று எழுதிவைத்தேன். முன்னேற்ற அறிக்கை நாளில் பரிசோதகர் ஒரே ஒரு நிரலைப் பார்த்தார். "விடிய எவ்வளவு?"

இருட்டில் அல்காவும் சுவாசிக்கும். மீன், பக்டீரியா, அடிச்சேறு எல்லாமே ஒட்சிசனை எடுக்கும், கொடுக்க ஒன்றும் இல்லை. நாளின் மிகக் குறைந்த அளவு சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர்தான். என் அட்டவணையில் அந்த நேரமே இல்லை. ஒரு வருட வேலை போயிற்று.

அணைக்கட்டில் கூடாரம் போடலாம் என்று தோணிக்காரக் காக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "ஆனை வரும் புள்ள. வீட்ட வந்து படுங்க."

சித்திரை மாதம், கச்சான் காற்று தொடங்கவில்லை, இலை அசையவில்லை. நாலரைக்குத் தோணி ஏறினோம். அடிநீரைக் குமிழி புகாமல் போத்தலில் நிரப்பி, மாங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட்டு மூடினேன். ஒட்சிசன் இருந்தால் வீழ்படிவு மண்ணிறமாகும். நண்பகலில் தேநீர்ச் சாயம் போல வரும் போத்தல் அது. டோர்ச் வெளிச்சத்தில் வெள்ளையாகவே இறங்கியது. நான் மருந்து பிழையென்று நினைத்து இன்னொரு போத்தல் நிரப்பினேன். அதுவும் வெள்ளை.

காக்கா எட்டிப் பார்த்தார். "காத்தில்லாத நாள்ல விடியக்குள்ள மீன் மேல வந்து வாயத் தொறக்கும். அதத்தானா பாக்கிறீங்க?"

"ஏன் முன்னமே சொல்லல்ல?"

"நீங்க பகல்லதானே வாறீங்க."

அதற்குப் பிறகு இன்னும் பதினான்கு மாதம். உதவிப்பணம் இடையில் நின்றது, காக்கா வீட்டு மாமி தந்த பிட்டு நிற்கவில்லை. ஆய்வேட்டில் விடியப்புற அளவுகள் தனி அத்தியாயமாயின.

இப்போது களவேலைக்கு வரும் மாணவர்கள் எத்தனை மணி பஸ் என்று கேட்பார்கள். முதல்நாள் பின்னேர பஸ் என்பேன்.