குமரகிரிப் படியில் படபடத்த நெஞ்சு

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது இருபத்தைந்து மாணவர்களை ஒப்படைத்து, அவர்களுடைய வருகைப்பதிவு, மதிப்பெண், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் எங்கள் கல்லூரியிலும் உண்டு. அப்படி என் பொறுப்பில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி, வாழப்பாடிப் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவள், இரண்டாம் ஆண்டில் மூன்று தேர்வுகளில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு விடை தெரியாமல் இல்லை. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, இப்போதே ஏதோ ஆகிவிடப்போகிறது என்ற பயம் வந்துவிடுகிறது. வீட்டார் பதறிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள்.)

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சிகிச்சையோடு, தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். கேட்பதற்கு எளிதாக இருந்த இந்த அறிவுரை, செய்யப்போனபோது எவ்வளவு கடினமானது என்பதை என் அறையில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்துகொண்டேன். காலை 6.45க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். போக வரப் பேருந்தில் மூன்று மணி நேரம், வகுப்பில் ஐந்து மணி நேரம், வீட்டுக்குப் போய்ப் படிப்பும் கைப்பேசியுமாக இன்னும் நான்கு மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தில் பன்னிரண்டு மணி நேரத்தை உட்கார்ந்தே கழிக்கிற பத்தொன்பது வயதுப் பெண், காலில் நின்று நடப்பது பேருந்து நிறுத்தத்துக்கும் கல்லூரி வாசலுக்கும் இடையில் மட்டும்தான். ஊருக்குத் திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அந்தத் தெருவில் தனியாக நடந்தால், ‘எங்க கண்ணு இந்நேரத்துல?’ என்று நான்கு பேராவது கேட்பார்களாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 வயது முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும். கடுமையான உழைப்பென்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். மிதமானது எது என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்தால் 150 வந்துவிடும். அந்த அரைமணி நேரம் அவளுடைய நாளில் எங்கே இருக்கிறது என்று தேடினோம். கடைசி வகுப்பு முடிவதற்கும் அவளுடைய பேருந்து வருவதற்கும் இடையில் ஐம்பது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில்தான் கல்லூரி மைதானத்தில் நாங்கள் இருவரும் நடக்கத் தொடங்கினோம்.

முதல் வாரம் அவள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு, வார் தளர்ந்த செருப்போடு நடந்தாள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நின்று செருப்பைச் சரிசெய்வாள். வடக்கே சேர்வராயன் மலை மாலை வெயிலில் நீலமாகத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பும்போது வேகமாகவும், கட்டடத்தின் ஜன்னல்கள் பார்க்கும் பக்கம் திரும்பும்போது தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகவும் நடப்பாள். மூன்றாவது வாரத்தில் அம்மாவிடம் கேட்டு கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டாள். அந்த மாதமே படுத்தவுடன் தூக்கம் வருகிறது என்றாள். அதற்கு மேல் அப்போது நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

குமரகிரிக்குப் போனது தற்செயல்தான். ஒரு சனிக்கிழமை காலை, வகுப்புத் தோழிகள் ஆறு பேரோடு அம்மாபேட்டைப் பக்கத்து முருகன் கோயிலுக்குப் போகலாம் என்றார்கள். மேலே போக வாகனச் சாலை இருந்தும், படியேறியே போவது என்று முடிவாயிற்று. பாதிக்கு மேல் ஏறியதும் அவள் சட்டென்று படியில் உட்கார்ந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

“மேம், பரீட்சை ஹால்ல இப்படித்தாங்க அடிக்கும்” என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். பதினைந்து விநாடிக்கு 36, நிமிடத்துக்கு 144. பிறகு என் மணிக்கட்டை அவளிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். எனக்கும் அதற்குக் குறைவில்லை. பக்கத்தில் நின்று இளைத்துக்கொண்டிருந்த தோழியின் கையையும் அவளே வாங்கி எண்ணினாள். மூன்று நிமிடம் கழித்து மறுபடி எண்ணியபோது அவளுடையது 104க்கு இறங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து மீதிப் படிகளை ஏறினாள். மேலே போய், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று நாலு திசையும் மலை சூழ்ந்த ஊரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று படியில் நடந்ததற்கு உளவியலில் தெளிவான விளக்கம் உண்டு. பயத்தில் இதயம் வேகமாக அடிப்பதும், ஏற்றத்தில் அடிப்பதும் பெரும்பாலும் ஒரே வேலைதான். இரண்டிலும் அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு கூடுகிறது, வியர்க்கிறது. சிலருக்கு அந்த அறிகுறிகளே பயத்தைத் தருகின்றன. நெஞ்சு அடிப்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள், பதறுவதால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்கும்படி அடிக்கடி நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும், இப்படி அடித்தாலும் ஒன்றும் ஆகாது, சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும் என்பதை உடம்பே கற்றுக்கொடுத்துவிடுகிறது. தேர்வுக்கு முன்னால் ‘பயப்படாதே’ என்று நூறு முறை சொல்லியும் என்னால் அவளுக்குப் புரியவைக்க முடியாததை, அந்தப் படிக்கட்டு மூன்று நிமிடத்தில் புரியவைத்தது.

உடற்பயிற்சி மனச்சோர்வுக்கும் உதவுகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோயுள்ள 156 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு செர்ட்ராலின் மருந்து, மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும் என்று 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். தொடக்க வாரங்களில் மட்டும் மருந்து வேகமாக வேலை செய்தது. அவர்கள் எல்லோரும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்பதால், அதை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்திவிட முடியாது. ‘நட, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்கிற உறவினர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. என் மாணவி சிகிச்சையை விடவில்லை; நடையும் கூடச் சேர்ந்தது. இரவில் மனம் தாங்காதவர்கள் யாராக இருந்தாலும், டெலி மானஸ் எண்ணான 14416ஐக் கூப்பிடலாம். அரசு நடத்துகிற அந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எனக்கு இருக்கிற மனக்குறை எங்கள் கல்லூரி நிர்வாகத்தின் மீதுதான். மைதானம் இருக்கிறது, உடற்கல்வி இயக்குநரும் இருக்கிறார். ஆனால் மாலையில் அது கல்லூரி அணிகளுக்கு உரியது; மற்ற நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். நாங்கள் நடப்பதற்கே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. பெரியவடகம்பட்டியிலிருந்து போய் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கமும், அதன் பிறகு டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வென்ற மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் பெருமைப்படாதவர்கள் இல்லை, நானும் பெருமைப்படுகிறேன். பந்தயத்துக்குப் போகாத, போக விரும்பாத ஆயிரம் பிள்ளைகளுக்கும் அந்த மைதானம் சொந்தம் என்பதை மட்டும் ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறோம். பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வருகிற கழிவறை, ஜன்னலிலிருந்து கிண்டல் செய்தால் கேட்க ஓர் ஆசிரியர் ஆகிய மூன்றும் இருந்தால் எத்தனையோ பேர் வருவார்கள். மாதவிலக்கு நாட்களில் உட்கார்ந்திருந்தால் காரணம் கேட்கக் கூடாது.

விடுதி மாணவர்கள் பலர் ஜிம்முக்குப் போகிறார்கள், அது நல்லது. கண்ணாடியில் தெரிகிற உடம்பை ரீல்ஸில் வருகிற உடம்போடு ஒப்பிட்டு மனம் நொந்து திரும்பும் சிலரையும் பார்க்கிறேன். அவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்த பருவத் தேர்வில் அவள் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினாள். நடுவில் ஒருமுறை நெஞ்சு அடித்ததாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு அடியில் நாடியை எண்ணியிருக்கிறாள். “நூத்திப் பத்துங்க மேம். படியேறினதுல பாதி கூட இல்ல” என்றாள். கணிதம் படிக்கிற பிள்ளை அந்தப் பாதிக்கணக்கில் தவறியதை நான் திருத்தவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் கடைசி மணியை எல்லாத் துறை மாணவர்களுக்கும் மைதானத்தில் கொடுக்க வேண்டும் என்று, கால அட்டவணை தயாரிக்கும் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இப்போது எங்களோடு பதினான்கு பேர் நடக்கிறார்கள். வாழப்பாடிப் பேருந்து வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நிறுத்திக்கொள்கிறோம்.