சூரியன் கட்டத்தில் ஒன்றும் இல்லை

ஜெய்ப்பூர் போகிறவர்கள் ஹவா மஹாலும் ஆமேர் கோட்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நானும் அந்த இரண்டிலும் கூட்டத்தில் இடிபட்டுவிட்டுத்தான், ஜவஹர்லால் நேரு மார்கில் இருக்கும் ஜவஹர் கலா கேந்திராவுக்கு ஆட்டோ பிடித்தேன். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1980களில் வடிவமைத்த கலை மையம் இது.

வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஜன்னலே இல்லாத, எட்டு மீட்டர் உயரச் செம்மண் நிறக் கல் சுவர்கள். சிறைச்சாலையோ என்று கூடத் தோன்றும். ஆனால் சுவர்களில் வெள்ளைப் பளிங்கு, கறுப்புக் கிரானைட் எல்லாம் பதித்துக் கிரகங்களின் குறியீடுகளைப் போட்டிருக்கிறார்கள். அதைக் கவனித்தால் விஷயம் பிடிபடும்.

1727இல் சவாய் ஜெய் சிங் இந்த ஊரை ஒன்பது சதுரங்களாக அமைத்தார். ஒரு மூலையில் குன்று குறுக்கிட்டதால் அங்கே வரவேண்டிய சதுரத்தை எடுத்துக் கிழக்குப் பக்கம் ஒட்டிவிட்டார்கள். கொரியா அதே ஒன்பதை எடுத்துக்கொண்டு, சதுரத்துக்கு ஒரு கிரகம் என்று கொடுத்துவிட்டார். அந்த நகர்ந்த சதுரத்தையும் விடவில்லை. இங்கேயும் ஒரு மூலைச் சதுரம் வரிசையிலிருந்து விலகித் திரும்பி நிற்கிறது, அந்த இடைவெளிதான் நுழைவாயில். அது சுக்கிரனின் சதுரம், உள்ளே நாடக அரங்கம். கலைக்கு அதிபதி சுக்கிரன் என்று நம் ஊர் ஜோசியர்களும் சொல்வார்கள் இல்லையா? குருவுக்கு நூலகம். செவ்வாய்க்கு நிர்வாக அலுவலகம், இது ஏன் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்! அந்தப் பகுதியில் குவிமாடத்தின் உட்புறத்தை அண்ணாந்து பாருங்கள், சமணர்களின் பிரபஞ்ச வரைபடத்தை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

நடுச் சதுரம் சூரியனுக்கு. நம் சிவன் கோயில் நவக்கிரக மேடையிலும் சூரியன்தான் நடுவில், அதனால் அங்கேதான் பெரிதாக ஏதோ கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. கூரை இல்லாத திறந்த முற்றம், நாலு பக்கமும் இறங்கும் படிகள், அவ்வளவுதான். குஜராத்தில் மொதேரா சூரியன் கோயில் குளத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே அந்த ஞாபகம் வரும். எட்டுச் சதுரங்களில் சுவரும் நிழலுமாகச் சுற்றிவிட்டு இங்கே வந்து நின்றால், தலைக்கு மேல் திடீரென்று முழு வானம். எனக்கு மொத்தக் கட்டடத்திலும் பிடித்த இடம் இதுதான். கட்டாமல் விட்டதற்காகவே கொரியாவைப் பாராட்டலாம்.

நம் நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும். இங்கே தலைகீழ். சுவர்களின் திறப்புகள் வழியாக ஒரு கிரகத்திலிருந்து அடுத்த கிரகத்தை எட்டிப் பார்க்கலாம்.

உச்சி வெயிலில் போகாதீர்கள், முற்றத்துக் கல் காலைப் பொசுக்கிவிடும். நாலு மணிக்கு மேல் சரி. சுவர் நிழல் படிகளில் விழுந்திருக்கும், உட்கார்ந்து டீ குடிக்கலாம். முடிந்தால் ஊருக்கு வந்த முதல் நாளே இங்கே வந்துவிடுங்கள். அதற்கப்புறம் பழைய நகரத்தின் கடைத்தெருக்களில் நடந்தால், எந்தச் சதுரம் எங்கே முடிகிறது என்று தேடத் தோன்றும்.